பதினாறு பொறிகளும் ஒரு முள்ளும்: பழைய மோட்டார் வண்டிகளின் எரியூட்டல் சோதனைக் கருவிகளை மீட்டமைத்தல் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஃபோர்டு நிறுவனத்தின் டி வகை மோட்டார் வண்டியில் பயன்பட்ட எரியூட்டல் சுருள்களைச் சோதிக்க உருவான கைச்சுழற்சிக் கருவியை இக்கட்டுரை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. பின்னாளில் வந்த டிஸ்ட்ரிபியூட்டர் சோதனைப் பொறி அதனுடன் ஒப்பிடப்படுகிறது. சோதனைக் கருவி என்பது ஓர் அளவுகோலைத் தன்னுள் தாங்கிய வரலாற்று ஆவணம். ஆகவே அதன் தோற்றத்தை மீட்பதும் அது தாங்கிய அளவுகோலை மீட்பதும் வெவ்வேறு பணிகள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தொழில்நுட்ப வரலாறு, எரியூட்டல், மேக்னெட்டோ, தூண்டு சுருள், அளவுகோல், மீட்டமைப்பு

முன்னுரை

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் வண்டியை எழுதுகின்றனர்; வண்டியைச் செய்த தொழிற்சாலையை எழுதுகின்றனர். அண்மைக் காலத்தில் அதைப் பழுதுபார்த்தவர்களையும் எழுதத் தொடங்கியுள்ளனர். கெவின் போர்க் 2007இல் வெளியிட்ட ‘ஆட்டோ மெக்கானிக்ஸ்’ என்னும் நூல் அமெரிக்க மெக்கானிக்குகளின் அறிவும் சமூக மதிப்பும் மாறிவந்த வரலாற்றை விரிவாகப் பேசியது. ஆனால் அந்த மெக்கானிக்கின் மேசைமீது இருந்த கருவிகள் இன்னும் பெரும்பாலும் சேகரிப்போரின் ஆர்வப் பொருள்களாகவே உள்ளன. அவற்றைத் துடைத்து, வண்ணம் பூசி, முள் அசையுமாறு செய்து காட்சிக்கு வைப்பதே மீட்டமைப்பு எனக் கொள்ளப்படுகிறது.

கருவிகளை அறிவின் வடிவங்களாகக் காணும் நோக்கு அறிவியல் மெய்யியலுக்குப் புதிதன்று. டேவிஸ் பெயர்டு 2004இல் வெளியிட்ட ‘திங் நாலெட்ஜ்’ நூலில், கோட்பாடு சொற்களில் இருப்பதுபோல் அறிவு பொருளிலும் உறைந்திருக்கக்கூடும் என வாதிட்டார். இந்நோக்கை ஏற்பின், ஒரு சோதனைக் கருவியை மீட்டமைப்பவர் ஏறத்தாழ ஒரு சுவடியைப் பதிப்பிப்பவரின் நிலையில் நிற்கிறார். பழுதுற்ற இடத்தில் அவர் எதை இட்டு நிரப்புகிறார் என்பதைப் பொறுத்தே பாடம் நிலைக்கவோ திரியவோ செய்கிறது.

பொறியைத் தேடிய காலம்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளையும் காற்றையும் கலப்பதைவிட, அக்கலவையைச் சரியான கணத்தில் பற்றவைப்பதே தொடக்க காலத்தில் கடினமாக இருந்தது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே எல்லா மின் எரியூட்டல் முறைகளுக்கும் அடிப்படை. 1860இல் லெனுவார் தம் வாயு எஞ்சினில் மின்கலத்தையும் ரும்கார்ஃப் சுருளையும் பயன்படுத்தினார். மின்கலம் விரைவில் தீர்ந்துபோகும். ஆகவே மின்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் மேக்னெட்டோவின் மீது கவனம் சென்றது. 1886இல் ஸ்டுட்கார்ட்டில் பட்டறை தொடங்கிய ராபர்ட் பாஷ் மறு ஆண்டிலேயே நிலை எஞ்சின் ஒன்றுக்குத் தாழ் மின்னழுத்த மேக்னெட்டோவைச் செய்தார். 1897இல் அது மோட்டார் முச்சக்கர வண்டியொன்றில் பொருத்தப்பட்டது. 1902இல் அவருடைய பொறியாளர் காட்லோப் ஹோனால்டு உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார்.

அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு மேற்கொண்ட வழி வேறு. 1908இல் வெளிவந்து 1927இல் நின்ற டி வகை வண்டி ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையானது. அதன் எரியூட்டல் முறை மலிவையும் எளிமையையும் நோக்கி அமைந்தது. பட்டறையில் ஃப்ளைவீல் என வழங்கும் சமனுருளின் மீது V வடிவக் காந்தங்கள் பதினாறு பொருத்தப்பட்டன. அவற்றுக்கு எதிரே அசையாத தட்டொன்றில் பதினாறு கம்பிச் சுருள்கள் நின்றன. ‘ஸ்பைடர்’ எனப் பட்டப்பெயர் கொண்ட எட்வர்டு ஹஃப் இந்த அமைப்பின் உருவாக்கத்தோடு பெயர் பெற்றவர். எஞ்சின் சுழலும்போதெல்லாம் இவ்வமைப்பு மாறுமின்னோட்டத்தைத் தந்தது. அம்மின்னோட்டம் நான்கு சிலிண்டர்களுக்கென நான்கு மரப்பெட்டிச் சுருள்களுக்குச் சென்றது. எச்சுருள் எப்போது இயங்கவேண்டும் என்பதை டைமர் என்னும் சுழல்தொடுப்பு முடிவு செய்தது.

இந்த மரப்பெட்டிச் சுருளின் உள்ளமைப்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மீட்டமைப்பின் சிக்கல்கள் அனைத்தும் அங்கிருந்தே பிறக்கின்றன. மென்னிரும்புக் கம்பிகளால் ஆன உள்ளகத்தைச் சுற்றி முதன்மைச் சுற்றும் துணைச் சுற்றும் உள்ளன. பெட்டியின் தலைப்பகுதியில் எஃகு அதிர்வி ஒன்றும், அதன்மேல் மெல்லிய மெத்தைவில் ஒன்றும், மெக்கானிக்குகள் பாயிண்ட் என்றே சொல்லும் தொடுமுனைகளும் அமைந்துள்ளன. மின்னோட்டம் ஏறும்போது உள்ளகம் காந்தமாகி அதிர்வியைக் கீழே இழுக்கிறது. தொடுமுனைகள் விலகுகின்றன. காந்தப்புலம் சட்டெனச் சரிகிறது. துணைச் சுற்றில் உயர் மின்னழுத்தம் தோன்றி ஸ்பார்க் பிளக்கில் பொறி பாய்கிறது. மெத்தைவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே கீழிறங்குமாறு கட்டப்பட்டிருக்கும். அந்தச் சிறு தொலைவுவரை மேல்முனை அதிர்வியைப் பின்தொடர்கிறது. அதற்குள் அதிர்வி வேகம் பெற்றுவிடுவதால் பிரிவு தயக்கமின்றி நிகழ்கிறது. தொடுமுனைகளுக்குக் குறுக்கே நிற்கும் மின்தேக்கி அங்கே பொறி வீணாகாமல் காக்கிறது. பெட்டி முழுதும் கீலால் நிரப்பப்பட்டிருக்கும்.

செவியிலிருந்து முள்ளுக்கு

இச்சுருள் இயங்கும்போது வண்டின் ரீங்காரம் போன்ற ஓசை எழும். மின்கலத்தில் இணைத்து அவ்வோசையைக் கேட்டு, ‘நன்றாக இருக்கிறது’ என முடிவு செய்வதே பட்டறைகளின் எளிய வழி. பொறியும் பாயும், எஞ்சினும் ஓடும். ஆயினும் அந்த எஞ்சின் ஒருசீராக ஓடுவதில்லை.

காரணம் காலத்தில் உள்ளது. தொடுமுனைகள் விலகுவதற்கு மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டவேண்டும். அவ்வளவை எட்ட ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு காலம் தேவை. அதிர்வியின் இறுக்கம் சுருளுக்குச் சுருள் வேறுபட்டால் அக்காலமும் வேறுபடும். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுழலும்போது, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 6 பாகைச் சுழற்சிக்குச் சமம். எனவே நான்கு சுருள்களும் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தாலும், நான்கு சிலிண்டர்களும் நான்கு வெவ்வேறு நிலைகளில் பற்றக்கூடும். இவ்வேறுபாட்டைக் காது பிரித்தறியாது. வண்டி அதிர்கிறது, இழுவை குறைகிறது என்று மட்டுமே ஓட்டுநர் உணர்வார்.

இவ்விடத்தில்தான் கைச்சுழற்சிச் சோதனைக் கருவி வந்தது. வண்டியில் உள்ளது போன்ற பதினாறு காந்த அமைப்பே மேசைக்கருவியாக்கப்பட்டு, கைப்பிடியால் சுழற்றப்பட்டது. சோதிக்கவேண்டிய சுருள் ஒரு பிடிப்பில் பொருத்தப்படும். சுழலும் அச்சோடு சேர்ந்து ஒரு சுட்டுமுனை வட்ட வளையத்தினுள் சுற்றும். பொறிகள் அம்முனையிலிருந்து வளையத்துக்குப் பாயும். மேலே ஓர் அம்மீட்டர் இருக்கும். ஃபோர்டின் பழுதுபார்ப்பு மரபு வகுத்த விதி இதுதான்: முள் 1.3 ஆம்பியரில் நிற்கவேண்டும்; ஒரு சுற்றுக்குப் பதினாறு பொறிகள், இடத்துக்கு ஒன்றாக, சம இடைவெளியில் பாயவேண்டும். ஓரிடத்தில் இரட்டைப் பொறி தோன்றினால் மின்தேக்கியையோ மெத்தைவில்லையோ ஐயுறவேண்டும்.

பதினாறு என்ற எண் காந்தங்களின் எண்ணிக்கையால் வந்தது. 360 பாகையைப் பதினாறால் வகுக்க 22.5 பாகை கிடைக்கும். மேக்னெட்டோவில் ஓடும் டி வகை வண்டியில், ஓட்டுநர் பொறிநெம்புகோலைச் சிறிது சிறிதாக நகர்த்தினாலும் பொறியின் நிலை ஏறத்தாழ 22.5 பாகைப் படிகளாகவே தாவும். மாறுமின்னோட்டம் போதிய அளவு எழும் இடங்களில் மட்டுமே சுருள் இயங்கவல்லது என்பதே காரணம். சோதனைக் கருவியின் வளையம் வண்டியின் இந்த உள்ளியல்பை அப்படியே கண்முன் வரைந்து காட்டியது. அலைநோக்கி பட்டறைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, மின்னின் நடத்தையைக் காலத்தின் மீது விரித்துக் காட்டும் வரைபடம் மெக்கானிக்கின் மேசையில் இருந்தது என்று இதைக் கொள்ளலாம். கருவி வரலாறுகளில் இச்செய்தி போதிய இடம் பெறவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கையால் சுற்றும் கருவி எப்படி அளவுகருவியாக முடியும் என்ற ஐயம் எழலாம். கையின் வேகம் நிலையானதன்று. விடை மேக்னெட்டோவின் இயல்பிலேயே உள்ளது. சுழற்சி விரைய விரைய அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் உயர்கிறது. அதே விகிதத்தில் அதிர்வெண்ணும் உயர்வதால், அதன் சுருள்கள் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடுப்பும் உயர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, மிக மெதுவான சுழற்சியைக் கடந்துவிட்டால் மின்னோட்டம் பெரிதும் மாறுவதில்லை. தனித்த வேகக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமலே கருவி நிலைபெறுகிறது.

1.3 என்பது எதன் அளவு?

இனி மீட்டமைப்புக்கு வருவோம். இக்கருவிகளில் பலவற்றில் முதலில் கெடுவது அம்மீட்டர். கண்ணாடி உடைந்திருக்கும், முள் வளைந்திருக்கும், சில கருவிகளில் மீட்டரே கழற்றப்பட்டிருக்கும். வேறொரு மீட்டரை அதே அளவு வட்டத்தில் பொருத்தி, பழைய எழுத்து வடிவில் அச்சிட்ட முகப்பை ஒட்டிவிடுவது எளிது. பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

ஆனால் மாறுமின்னோட்டத்தை அளக்கும் மீட்டர்கள் யாவும் ஒன்றையே அளப்பதில்லை. இயங்கு இரும்பு வகை மீட்டரின் முள், மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப விலகுகிறது. ஆகவே அது சராசரி இருமடிமூல மதிப்பைக் காட்டும். திருத்தி வகை மீட்டரோ சாதாரணச் சராசரியை அளந்து, அலை சைன் வடிவினது என்ற எடுகோளில் அதை 1.11ஆல் பெருக்கிய அளவை முகப்பில் காட்டும். வீட்டு மின்சாரத்தில் இரண்டும் ஒத்துப்போகும். அதிர்வி இடையறுத்த மின்னோட்டத்தில் ஒத்துப்போகமாட்டா.

எளிமைப்படுத்திய கணக்கொன்றால் வேறுபாட்டின் அளவை உணரலாம். ஒவ்வோர் அரைச்சுற்றிலும் பாதி நேரம் மின்னோட்டம் நேர்கோடாக ஏறி உச்சத்தை அடைந்ததும் அறுபட்டு, மீதி நேரம் சுழியாக இருப்பதாகக் கொள்வோம். உச்சத்தை 1 எனக் கொண்டால் சராசரி இருமடிமூல மதிப்பு 0.41, சாதாரணச் சராசரி 0.25; திருத்தி வகை மீட்டர் காட்டுவது 0.28. அதாவது மின்னோட்டத்தை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லும். அந்த முள்ளை 1.3க்குக் கொண்டுவர மெக்கானிக் அதிர்வியை இறுக்குவார். அப்போது சுருளில் உண்மையில் ஓடுவது 1.9 ஆம்பியராக இருக்கும். தொடுமுனைகள் விரைவில் கருகும், பொறியும் தாமதிக்கும். நடைமுறை அலைவடிவம் இந்த எடுத்துக்காட்டைவிடச் சிக்கலானது. எனினும் பிழை எந்தத் திசையில் செல்லும் என்பதில் ஐயமில்லை.

எனவே 1.3 ஆம்பியர் என்பது இயற்கையில் தனித்துக் கிடக்கும் ஓர் எண் அன்று. குறிப்பிட்ட வலிமையுள்ள காந்தங்கள், குறிப்பிட்ட சுற்றெண்ணிக்கையுள்ள சுருள்கள், குறிப்பிட்ட வகை மீட்டர் ஆகியவற்றுக்கு இடையிலான ஓர் உடன்பாட்டின் பெயர் அது. பழுதுபார்ப்பு நூல்களில் எண் மட்டும் எஞ்சியுள்ளது. உடன்பாட்டின் மற்ற உறுப்புகளைக் கருவியே காத்துவருகிறது. மீட்டரை மாற்றியபின் முகப்பில் 1.3 என்ற எழுத்து இருக்கும். அதன் பொருள் இருக்காது.

காந்தங்கள் பற்றியும் இதுவே. அக்காலத்து எஃகுக் காந்தங்கள் வெப்பத்தாலும் அதிர்ச்சியாலும் காலத்தாலும் வலுவிழப்பவை. வலுவிழந்த கருவியில் பதினாறு பொறிகளையும் பெறவேண்டுமாயின் அதிர்வியைத் தளர்த்தியாகவேண்டும். அங்கே தளர்த்தப்பட்ட சுருள், வலுவான காந்தமுள்ள வண்டியில் முந்திப் பொறி தரும். கருவியின் குற்றம் சுருளின்மேல் ஏற்றப்படுகிறது. ஆகவே காந்தங்களுக்கு மீண்டும் காந்தமேற்றுவது தவிர்க்கவியலாதது. அதே வேளையில், அவை எந்நிலையில் நமக்குக் கிடைத்தன என்ற சான்றை அச்செயல் அழித்துவிடுகிறது. ஒவ்வொரு காந்தத்தின் வலிமையையும் அளந்து குறித்துக்கொண்ட பின்னரே ஏற்றவேண்டும் என்பது சிறிய விதி. அதைப் பின்பற்ற ஒரு பிற்பகல் போதும்.

மின்தேக்கி: எதிர்மாறான ஒரு நிலை

மேற்கூறியவற்றிலிருந்து, பழைய உறுப்பு எதையும் தொடக்கூடாது என்ற முடிவுக்கு வருவது தவறு. சுருளுக்குள் இருக்கும் மின்தேக்கி மெழுகிட்ட தாளாலும் உலோகத் தகடாலும் ஆனது. ஒரு நூற்றாண்டு கடந்த நிலையில் அது ஈரத்தை உள்வாங்கி மின்னைக் கசியவிடும். சோதனை மேசையில் சில நிமிடங்கள் நன்றாக இயங்கிப் பின்னர் வண்டியின் சூட்டில் தோற்றுப்போவதும் உண்டு. டி வகை வண்டிகளை ஓட்டுவோர் அதன் இடத்தில் 0.47 மைக்ரோஃபாரட் அளவுள்ள இக்காலப் படல மின்தேக்கியைப் பொருத்துகின்றனர். கீலைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து, மீண்டும் மூடிவிட்டால் வெளித்தோற்றம் மாறுவதில்லை.

இங்கே மூலப்பொருள் இழக்கப்படுகிறது, அளவுகோல் காக்கப்படுகிறது. மீட்டர் மாற்றத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறு: பெட்டி, கைப்பிடி, வளையம் எல்லாம் மூலப்பொருளாகவே இருக்க, அளவுகோல் மட்டும் மறைகிறது. பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2012இல் முன்வைத்த தூரின் சாசனம், வரலாற்று வாகனங்களில் செய்யப்படும் மாற்றங்கள் ஆவணப்படுத்தப்படவேண்டும் என்றும், மாற்றப்பட்ட உறுப்புகள் அடையாளம் காணத்தக்கவையாக இருக்கவேண்டும் என்றும் கருதுகிறது. வாகனத்துக்கு இது பொருந்தும். சோதனைக் கருவிக்கு இதனினும் கூடுதலாக ஒன்று தேவை. ஓடும் வண்டி ஓடினால் போதும். அளக்கும் கருவி இயங்கினால் மட்டும் போதாது, அது சொல்வது மெய்யாகவும் இருக்கவேண்டும். பொய் சொல்லும் கருவி ஓடாத கருவியைவிடத் தீங்கானது. ஓடாத கருவியை யாரும் நம்பப்போவதில்லை.

வளையத்தின் இரண்டாம் பிறவி

டி வகை வண்டி உலாவிய காலத்திலேயே அதன் எரியூட்டல் முறைக்கு மாற்று தோன்றிவிட்டது. டேட்டனில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்கல எரியூட்டல் முறை 1910ஆம் ஆண்டுக்கான காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. ஒரே சுருள், ஒரே இணை தொடுமுனைகள், டிஸ்ட்ரிபியூட்டர் என்ற அமைப்பு பின்னர் உலகெங்கும் பரவியது. அதனைச் சோதிக்கச் சிகாகோவின் சன், கலாமசூவின் ஆலன் போன்ற நிறுவனங்கள் பெரிய பொறிகளைச் செய்தன.

டிஸ்ட்ரிபியூட்டரை வண்டியிலிருந்து கழற்றி இப்பொறியில் பொருத்தி, வேகம் மாற்றத்தக்க மோட்டாரால் சுழற்றுவர். தொடுமுனை திறக்கும் ஒவ்வொரு கணமும் 360 பாகை வளையத்தின் மீது ஓர் ஒளிக்கீற்று மின்னும். எட்டு சிலிண்டர் எஞ்சினாயின் 45 பாகைக்கு ஒன்றாக எட்டுக் கீற்றுகள் அசையாமல் நிற்கவேண்டும். அச்சின் புஷ் தேய்ந்திருந்தால் அவை இடம் பிறழ்ந்து நடுங்கும். பதினாறு பொறி வளையத்தின் வழித்தோன்றல் இது என்பதை விளக்கத் தேவையில்லை. வெற்றிட மானி, வேகமானி, தொடுமுனை மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் மானி ஆகியவை கூடுதலாகச் சேர்ந்தன. முகப்பு அகன்றது, மானிகள் பெரிதாயின. மெக்கானிக்குக்கு மட்டுமன்றி, பின்னால் நிற்கும் வண்டி உரிமையாளருக்கும் தெரியவேண்டிய அளவுக்கு அவை பெரிதாயின என்று தோன்றுகிறது. செவியை நம்பச் சொன்ன மெக்கானிக், இப்போது முள்ளைப் பார்க்கச் சொன்னார். நம்பிக்கையை விற்பதிலும் கருவிக்குப் பங்கிருந்தது.

1973இல் கிரைஸ்லர் தன் வண்டிகளில் மின்னணு எரியூட்டலைப் பொதுவாக்கியது. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. தொடுமுனை போயிற்று, பொறியின் முதன்மைப் பணியும் போயிற்று. எஞ்சியவற்றை மீட்டமைப்போர் இன்று எதிர்கொள்ளும் இடர்களில் சில உடல்நலம் சார்ந்தவை. பழைய செலினியம் திருத்தி எரிந்தால் வரும் புகை நச்சுடையது. 1979இல் அமெரிக்கா உற்பத்தியைத் தடைசெய்த பிசிபி வகை எண்ணெய் அக்கால மின்தேக்கிகள் சிலவற்றில் இருக்கக்கூடும். இவற்றை அகற்றுவதில் மூலப்பொருள் பற்று குறுக்கிடலாகாது.

அளவுகோல் சிக்கலோ இங்கும் தொடர்கிறது. வேகமானி மெய் சொல்கிறதா என அறிய, விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 60 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் எரியும் நியான் விளக்கு விநாடிக்கு 120 முறை மின்னும். சுழலும் தட்டில் சம இடைவெளியில் நான்கு கோடுகள் வரைந்து அவ்வொளியில் நோக்கினால், நிமிடத்துக்கு 1800 சுற்றில் கோடுகள் அசையாது நிற்கும். இந்தியா, இலங்கை போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் அது 1500 சுற்றில் நிகழும். அமெரிக்கப் பொறியொன்று இந்நாடுகளுக்கு வந்தால், அதன் தூண்டல் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். இச்சோதனைக்கு வேண்டியவை விளக்கும் சுண்ணக்கட்டியும் மட்டுமே. பொறியின் உறுப்பு எதுவும் மாற்றப்படுவதில்லை.

கைச்சுழற்சிக் கருவிக்கு இத்தகைய வெளிச்சான்று எளிதில் கிடைப்பதில்லை. அதற்கு மாற்றாக, மீட்டமைத்த நாளன்றே ஒரு நல்ல சுருளை 1.3இல் அமைத்து, திருகுகளை முத்திரையிட்டு, கருவியோடு வைத்துவிடலாம். பின்னாளில் அச்சுருள் வேறோர் அளவைக் காட்டினால், மாறியது கருவியா சுருளா என்ற கேள்வியாவது எழும். அத்தகைய சுருள்கள் இரண்டாக இருந்தால் அக்கேள்விக்கு விடை காண்பதும் எளிது. இரண்டும் ஒரே அளவில் விலகியிருந்தால், முதலில் ஐயுறவேண்டியது கருவியின் காந்தங்களையும் மீட்டரையும்தான்.